தரையிலிருந்து நீருக்குள்: வெட்டில்லாத ஒரே ஷாட்டைத் திட்டமிடும் முறை

ஓடிவருபவனைப் பின்தொடரும் கேமரா, அவன் கிணற்றில் குதித்ததும் தானும் நீருக்குள் இறங்கி அவன் முகத்தைக் காட்ட வேண்டும். நடுவில் வெட்டு இருக்கக் கூடாது. குறும்படம் எடுக்க வருகிறவர்கள் ஆசையாகத் தொடங்கிப் பாதியில் கைவிடும் ஷாட்களில் இது ஒன்று.

பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான் கைவிடுகிறார்கள். தரையில் நடக்கும் பகுதியை முழுக்க அமைத்துவிட்டுத் தண்ணீரைக் கடைசியாக யோசிக்கிறார்கள். லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), எடுக்கும் நேரம், ஆட்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர்தான். அதனால் திட்டத்தை நீருக்குள் தொடங்கி, கரையேறி, ஓடத் தொடங்கும் இடம்வரை பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும்.

இங்கே உதாரணத்துக்குக் கொங்குப் பக்கத்துப் பாசனக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சதுரமாக வெட்டியது, சுமார் 10 மீட்டர் அகலம், ஒரு பக்கம் படி. நீச்சல் குளத்தில் எடுப்பதாக இருந்தாலும் படிகள் இவைதான். தண்ணீர் தெளிவாக இருக்கும் என்பதால் பாதி வேலை குறையும்.

1. கடைசி ஃபிரேமை முதலில் முடிவுசெய்யுங்கள்

நீருக்குள் ஷாட் எதில் முடிகிறது? முகமா, முழு உடலா, மேலே தெரியும் வானமா? இதை ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். கேமராவுக்கும் நடிகருக்கும் உள்ள தூரத்தையும் கேமரா இருக்கும் ஆழத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த இரண்டு எண்களும் இல்லாமல் வாடகைக்கு எந்தக் கருவியையும் சொல்லாதீர்கள். கிணற்று நீரில் முகத்தை 1 மீட்டரில் வைத்து எடுக்கலாம். 4 மீட்டரில் வைத்தால் பச்சை மங்கலுக்குள் ஓர் உருவம் மட்டுமே தெரியும். தூரம் குறைந்தால் அகல லென்ஸ் வேண்டும், அகல லென்ஸ் என்றால் வளைந்த கண்ணாடி முகப்பு வேண்டும், அதற்குத் தக்கபடி ஃபோக்கஸ் மாறும். எல்லாம் இங்கிருந்துதான் கிளை பிரிகிறது.

கேமரா மேல்நோக்கித் திரும்பினால் இன்னொன்றும் உண்டு. நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி விரியும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்க்கும் யூனிட் ஆட்கள் அத்தனை பேரும் அந்த வட்டத்தின் விளிம்பில் வரிசையாக நிற்பார்கள். கேமரா நீருக்குள் போனதும் எல்லோரும் விளிம்பைவிட்டு விலக வேண்டும் என்பதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

2. தண்ணீரைப் போய்ப் பாருங்கள், எடுக்கப்போகும் அதே நேரத்தில்

லொகேஷன் பார்க்கக் காலையில் போய்விட்டு, நண்பகலில் எடுக்கத் திட்டமிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கிணற்றுக்குள் வெயில் விழுவது கொஞ்ச நேரம்தான். ஜனவரியில் இந்தப் பகுதியில் உச்சி வெயில் பன்னிரண்டரை வாக்கில் வரும். அப்போதும் சூரியன் நேர் மேலே இருக்காது, தெற்கே சாய்ந்து சுமார் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். நீர்மட்டம் விளிம்பிலிருந்து 3 மீட்டர் கீழே இருந்தால், தெற்குச் சுவரின் நிழல் ஏறக்குறைய 2 மீட்டருக்கு நீரில் விழும். காலை ஒன்பது மணிக்குப் போனால் பாதிக்கு மேல் நிழல்தான். ஆக, குதிக்கும் இடம் வடக்குப் பக்கம், நேரம் பன்னிரண்டரைக்கு முன்பின் ஒரு மணி நேரம்.

நீர்மட்டம் நின்ற இடத்தில் நிற்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மேலே இருக்கும் தண்ணீர், சித்திரை வெயிலில் எங்கோ கீழே போயிருக்கும். ஒரே நாளுக்குள்ளும் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடினால் மட்டம் இறங்கும். மின்சாரம் எப்போது வரும், அன்று பாசனம் உண்டா என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேமராவை இறக்க நீங்கள் அளந்த கயிறு, வைத்த நிழல் கணக்கு, கேமரா இறங்கும் வேகம் எல்லாமே மட்டத்தை நம்பித்தான் இருக்கின்றன.

தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டு போதும். நீச்சல் கண்ணாடி போட்ட ஒருவர் முகத்தை நீருக்குள் வைத்துக்கொள்ள, இன்னொருவர் தட்டைப் பிடித்தபடி விலகிப் போகட்டும். தட்டு மறையும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே நான் அனுமதிப்பேன். தட்டு 3 மீட்டரில் மறைந்தால் முகம் 1 மீட்டரில். அதற்கும் இடம் கொடுக்காத கலங்கல் தண்ணீர் என்றால் வேறு கிணறு பாருங்கள்.

3. ஆள் பாதுகாப்பு, கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு

குதிக்கும் இடத்தின் ஆழத்தைக் கல் கட்டிய கயிற்றால் பல இடங்களில் அளங்கள். 3 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்க, குறைந்தது 4 மீட்டர் ஆழம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் முதலில்தான், தலைகீழாகப் பாய விடாதீர்கள். பிறகு நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் இறங்கி, பழைய குழாய், பாறை முனை, நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல் எங்கே என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்து முடிவுசெய்யக் கூடாது.

மோட்டாரை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஒருவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். தானாக இயங்கும் ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் தோட்டங்களில் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும். நீர் அருகே வைக்கும் விளக்குகள் பேட்டரியில் ஓடுபவையாக மட்டும் இருக்கட்டும்.

நடிகர் மூச்சடக்கும் நேரத்துக்கு எல்லை வையுங்கள். குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்து விடச் சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது ஆபத்து: மூச்சு முட்டும் உணர்வைக் கொடுப்பது உடலில் சேரும் கரியமில வாயு, அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை வராமலேயே மயக்கம் வந்துவிடும். அதேபோல் பயிற்சி இல்லாத நடிகருக்கு நீருக்குள் ஆக்சிஜன் சிலிண்டரிலோ காற்று சிலிண்டரிலோ மூச்சு கொடுக்காதீர்கள். அழுத்தத்தில் இழுத்த காற்றை அடக்கியபடி மேலே வந்தால், ஆழம் ஓரிரு மீட்டராக இருந்தாலும் நுரையீரல் பாதிக்கப்படலாம்.

நீரில் காவலுக்கு இரண்டு பேர்: ஒருவர் நடிகரை மட்டும், மற்றவர் கேமராமேனை மட்டும் பார்க்க வேண்டும். காற்றடைத்த லாரி டியூப் ஒன்று மிதக்கட்டும். இவர்கள் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. கயிற்றைப் பிடி, ரிஃப்ளெக்டரைப் பிடி என்று யாரும் கூப்பிடக் கூடாது.

4. ஹவுசிங்கும் கண்ணாடி முகப்பும்

கேமராவை நீர் புகாமல் மூடும் பெட்டியைத்தான் ஹவுசிங் என்கிறோம். அதன் முன்கண்ணாடி தட்டையாக இருக்கலாம், குவிமாடம்போல வளைந்தும் இருக்கலாம். இந்த ஷாட்டுக்கு வளைந்ததை எடுங்கள்.

தட்டைக் கண்ணாடி வழியே நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீருக்கு வெளியே 16 மி.மீ. லென்ஸாக இருந்தது, உள்ளே போனதும் 21 மி.மீ. போல நடந்துகொள்ளும். கேமரா நீரைத் தொடும் கணத்தில் ஃபிரேம் திடீரென முன்னால் எகிறும். வளைந்த முகப்பில் பார்வைக் கோணம் மாறாது. அகலம் கூடின முகப்பாக இருந்தால் இன்னும் நல்லது. பாதி நீரிலும் பாதி வெளியிலும் இருக்கும் அந்த நொடியில் நீர்க்கோடு மெல்லியதாகத் தெரியும்.

கேமராவை உள்ளே வைப்பதற்கு முன், ஹவுசிங்கை வெறுமையாக மூடி, உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து, கல் கட்டி அரை மணி நேரம் நீரில் இறக்கிவையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் அந்த ஹவுசிங் வேண்டாம். கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு தலைமுடி அல்லது மணல் துகள். வளையத்தை விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. கிரீஸ் பளபளப்புக்கு மட்டும், அப்பக் கூடாது. அதிகம் தடவினால் அதிலேயே தூசு ஒட்டும்.

மூடும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடுங்கள். வெயிலில் சூடான ஹவுசிங் குளிர்ந்த கிணற்று நீருக்குள் போனதும் உள்பக்கக் கண்ணாடியில் பனி படியும். அதற்காகவே காத்திருக்கும் நேரத்தில் நிழலில், ஈரத்துணி போர்த்தி வையுங்கள்.

5. ஃபோக்கஸ் எங்கே தாவுகிறது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வளைந்த முகப்பு நீருக்குள் போனதும், எதிரே உள்ளவற்றின் பிம்பத்தைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடும். வளைவின் ஆரம் 10 செ.மீ. என்றால், எவ்வளவு தூரத்தில் இருப்பதும் கண்ணாடியிலிருந்து 30 செ.மீ.க்குள் இருப்பதாக லென்ஸ் நினைக்கும். 1 மீட்டரில் இருக்கும் முகம் சுமார் 22 செ.மீ.யில் இருப்பதாகத் தோன்றும். கரையில் 3 மீட்டருக்கு வைத்த ஃபோக்கஸ் உள்ளே எதற்கும் உதவாது.

வயர்லெஸ் ஃபாலோ ஃபோக்கஸ் (தள்ளி நின்றே ஃபோக்கஸை மாற்றும் கருவி) வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ரேடியோ அலை நீருக்குள் சில செ.மீ.க்கு மேல் போகாது. கேமரா மூழ்கியதும் ஃபோக்கஸும் போகும், மானிட்டரில் படமும் போகும். கேபிள் வழியாக வெளியே எடுக்க ஹவுசிங்கில் வசதி இருந்தால் சரி.

இல்லையென்றால் ஃபோக்கஸையே தொடாமல் இருக்கும்படி அமையுங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (சின்ன சென்சார்) கேமராவில் 8 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 8, ஃபோக்கஸ் சுமார் 53 செ.மீ. அப்போது 27 செ.மீ. தொடங்கி முடிவிலிவரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். லென்ஸ் முகப்பின் வளைவு மையத்தில் இருப்பதால் அந்த 22 செ.மீ.யோடு ஆரம் 10 செ.மீ.யையும் கூட்ட வேண்டும். முகம் 32 செ.மீ.யில், எல்லைக்குள் வந்துவிடும். ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) இதே பார்வைக் கோணத்துக்கும் இதே கூர்மைக்கும் எஃப் 16 வரை மூட வேண்டும், ஹவுசிங்கும் பெரிதாகும். இந்த ஷாட்டுக்குச் சின்ன சென்சார்தான் என் தேர்வு.

கணக்கை நம்பி நேராகப் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் நீர் நிரப்பி, உள்ளே எழுத்து அச்சிட்ட ஓர் அட்டையை வைத்து, முகப்பை மூழ்கவைத்து எடுத்துப் பாருங்கள்.

6. வெளிச்சமும் நிறமும்

வெயிலில் ஓடும் ஆளுக்கும் கிணற்று நீருக்குள் இருக்கும் முகத்துக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) சாதாரணமாக வரும். ஆட்டோ எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறையில்) விட்டால், குதித்ததும் கிளம்பும் வெள்ளை நுரையைப் பார்த்துக் கேமரா இருட்டாக்கும், பிறகு மெதுவாகத் திறக்கும். அந்த ஏற்ற இறக்கம் அப்பட்டமாகத் தெரியும்.

நீருக்குள் அளந்த எக்ஸ்போஷரை வைத்துப் பூட்டுங்கள், கரையை அதற்கு இறக்குங்கள். ஓடிவரும் பாதையை நிழலில் போடுவதே சுலபமான வழி. தென்னை நிழல் ஓட்டை ஓட்டையாக விழும், முகத்தில் வெயில் திட்டு அடிக்கும். வேம்பு, புளி நிழல் அடர்த்தி. நிழலிலிருந்து வெளியே வரும் கடைசி சில அடிகள் வெளுத்தால் பரவாயில்லை, குதிக்கும் வேகத்தில் கண் அதை மன்னித்துவிடும்.

ஒயிட் பேலன்ஸையும் (கேமராவின் நிறச் சமநிலையையும்) ஒரே அளவில் பூட்டுங்கள். சிவப்பு நிறம் முதலில் குறையும். கேமராவின் ஆழத்தோடு முகம் வரை உள்ள தூரத்தையும் கூட்டித்தான் இழப்பு. 1 மீட்டர் ஆழம், 1 மீட்டர் தூரம் என்று இருந்தால் நிறச்சீரமைப்பில் மீட்டுவிடலாம். நிறம் மாறும் இடத்தை நுரை நிறைந்த ஃபிரேம்களுக்குள் வைக்கும்படி நிறச்சீரமைப்பு செய்பவரிடம் சொல்லுங்கள்.

7. கேமரா கைமாறும் இடம்

கேமராமேனே கேமராவோடு குதிப்பது வேண்டாம். முகப்பு நீரில் மோதும் அடியும், கூடவே இறங்கும் காற்றுக்குமிழிகளும் ஷாட்டைக் கெடுத்துவிடும், ஆளுக்கும் ஆபத்து.

மூன்று கைகள் தேவை. கரையில் ஓடிவரும் கேமராமேன் ஒருவர். விளிம்பிலிருந்து நீர்வரை கேமராவை இறக்கும் கயிற்று ஆட்கள். கீழே சுவரோரம் இடுப்பில் எடைப் பட்டையோடு காத்திருக்கும் நீர்க் கேமராமேன். கேமராவுக்கு நேர் கீழே ஒட்டி நின்றால்தான் அகல லென்ஸில் அவர் தெரியமாட்டார்.

கயிற்றை விளிம்புக்கு வந்த பிறகு மாட்டினால் குலுங்கும். டேக் தொடங்கும் முன்பே மாட்டிவிட்டு, தொங்கும் பகுதியை ஓர் உதவியாளர் சுருட்டிப் பிடித்தபடி கூடவே ஓடட்டும். ஒற்றைக் கயிற்றில் தொங்கும் கேமரா சுழலும். ஹவுசிங்கின் இரு பக்கத்திலிருந்தும் இரு கயிறு, மேலே நன்றாக விலகிய இரு கப்பிகள் என்று அமைத்தால் சுழலாது.

கரை ஆள் மேல்பிடியைப் பிடித்து வரட்டும்; பக்கப் பிடிகள் நீர் ஆளுக்கு. ஒரே பிடியை இருவரும் தேடக் கூடாது. விளிம்பில் கயிற்று ஆட்கள் பாரத்தை ஏற்றுக்கொண்டதும் ‘வந்தாச்சு’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கரை ஆள் விரலைத் தளர்த்த வேண்டும். கீழேயும் அப்படியே. 1964-இல் வெளியான ‘சோய் கூபா’ படத்தில் ஹோட்டல் மாடியிலிருந்து நீச்சல் குளத்துக்குள் இறங்கும் ஷாட்டும் கைமாற்றித்தான் எடுக்கப்பட்டது.

குதித்தவனுக்கு நேர் பின்னால் இறங்காதீர்கள். அங்கே வெறும் நுரை. ஒரு மீட்டர் பக்கவாட்டில், முகப்பைச் சற்றே சாய்த்து, விளிம்பு முதலில் நீரைத் தொடும்படி இறக்குங்கள். தட்டையாகக் கீழ்நோக்கி இறக்கினால் முகப்புக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஷாட் முடியும்வரை போகாது. முகப்பைச் சுற்றிய நிழல்மறைப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். குமிழி தங்குவது அதில்தான்.

8. நீருக்குள் எடை காணாமல் போகும்

கரையில் கையை இழுக்கும் ஹவுசிங், தான் அடைக்கும் இடத்து நீரின் எடை அளவுக்கு நீருக்குள் எடையை இழந்துவிடும். 5 லிட்டர் இடம் அடைத்தால் 5 கிலோ போயிற்று. அதன் மொத்த எடை அதற்குக் குறைவென்றால் மேலே மிதக்கும். நீர் ஆள் அதை அமுக்கிப் பிடிக்கப் போராடுவது படத்தில் நடுக்கமாகத் தெரியும். ஈயத்துண்டுகளை அடியில் கட்டி, கைவிட்டால் மெதுவாக அமிழும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். முன்பக்கம் தூக்குகிறதா என்றும் பாருங்கள். முகப்பில் காற்று இருப்பதால் மூக்கு மேலேறும். எடையை முன்னால் நகர்த்த வேண்டும்.

கயிற்றுக்குப் பதில் ஜிப் கை (ஒரு முனையில் கேமராவும் மறுமுனையில் எடையும் இருக்கும் நீண்ட கை) வைப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். கரையில் சமநிலையாக வைத்த பின்எடை, கேமரா மூழ்கியதும் கையை அப்படியே மேலே தூக்கிவிடும். வால்பக்கத்தில் பலமான ஒருவர் பிடித்துத் தூக்கித் தாங்கியபடியே நிற்க வேண்டும். கயிற்றிலோ, எடை போனதும் கயிறு தளர்ந்து ஃபிரேமுக்குள் மிதந்து வரும். மேலே இருப்பவர் தளர்ச்சியை இழுத்துக்கொண்டே இருக்க, நீர் ஆள் கொக்கியைக் கழற்றியதும் இரண்டு இழுப்பில் மேலே போய்விட வேண்டும்.

9. ஒத்திகை

முதலில் கேமரா இல்லாமல், அதே எடைக்கு நீர் நிரப்பிய ஒரு டப்பாவோடு. பிறகு சின்ன கோப்ரோ கேமராவோடு. கடைசியில்தான் உண்மையான கேமரா. கைமாறும் கணம் உடம்புக்குப் பழக வேண்டும். விலையுயர்ந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அது பழகாது.

நீர் ஒத்திகையை முந்தின நாளே முடியுங்கள். ஒவ்வொரு குதிப்பும் அடியில் இருக்கும் சேற்றைக் கிளப்பும், தெளிய நேரமாகும். அன்று காலையில் ஒத்திகை பார்த்தால் உச்சி வெயில் வரும்போது கலங்கிய நீர்தான் மிஞ்சும்.

நீருக்குள் இருப்பவருக்கு ‘கட்’ சொல்லக் குரல் உதவாது. படியோரம் ஓர் இரும்புக் கம்பியை நீரில் நிறுத்தி, அதில் இரண்டு தட்டு தட்டினால் நன்றாகக் கேட்கும். ஒரு தட்டு: கேமராவை மேலே திருப்பு. இரண்டு: முடிந்தது. விடாமல் தட்டினால் எல்லோரும் உடனே மேலே வர வேண்டும்.

10. எடுக்கும் நாள்

எத்தனை டேக் எடுக்கப்போகிறீர்களோ அத்தனை செட் உலர்ந்த உடை வேண்டும். தலைமுடியும் உலர வேண்டும். ஹேர் டிரையருக்கு நீரிலிருந்து தள்ளி, மோட்டார் ரூம் பக்கம் இடம் ஒதுக்குங்கள். பலரும் மறப்பது கால்தடம். முதல் டேக் முடிந்து நடிகர் ஈரக்காலோடு ஏறிவந்த அதே கல்லில் இரண்டாவது டேக் எடுத்தால், குதிக்கும் முன்பே ஈரத் தடம் தெரியும். ஏறிவர வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக் கல்லைச் சாக்கால் துடையுங்கள்.

நடிகர் குதிக்கும்போது தெறிக்கும் துளி, கேமரா இன்னும் வெளியே இருக்கையில் முகப்பில் விழும். நீருக்குள் போனதும் அது மறைந்துவிடும் என்பதால் கவலைப்பட வேண்டாம். ஆனால் நீரிலிருந்து வெளியே வரும் ஷாட் என்றால் இதுவே பெரிய தலைவலி. முகப்பில் பேபி ஷாம்பூவை மெல்லத் தேய்த்து அலசிவிட்டால், நீர் துளித்துளியாக நிற்காமல் படலமாக வழியும். முதல்முறை எடுப்பவர்கள் வெளியிலிருந்து உள்ளே போகும் திசையையே தேர்ந்தெடுங்கள்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மூடிய ஹவுசிங்குக்குள் மைக் கேட்பது கேமராவின் முனகலைத்தான்.

11. வெட்டை மறைக்க வேண்டி வந்தால்

தண்ணீர் கலங்கிவிட்டது, வெயில் போய்விட்டது, நடிகருக்குக் குளிர் நடுங்குகிறது. அப்போது பிடிவாதம் பிடிக்காதீர்கள். கேமரா நீரைத் தொடும்வரை ஓர் எடுப்பு, நீருக்குள் தனியாக இன்னோர் எடுப்பு, நடுவில் நுரை நிறைந்த சில ஃபிரேம்களில் ஒட்டுங்கள். பார்ப்பவருக்குத் தேவை அந்த ஓட்டம் அறுபடாமல் இருப்பது.

ஒட்டு நிற்க மூன்று பொருந்த வேண்டும்: கேமரா இறங்கும் வேகம், சாய்ந்திருக்கும் கோணம், நுரை ஃபிரேமில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. நீருக்குள் எடுப்பதை அங்கேயே அசையாமல் தொடங்கினால் ஒட்டு காட்டிக்கொடுக்கும். கேமராவை அரை மீட்டர் மேலேயிருந்து அதே வேகத்தில் மூழ்கடித்துத் தொடங்குங்கள், நடிகரும் பக்கத்தில் மறுபடி குதிக்கட்டும். முழுதாகக் கிடைத்துவிடும் என்று நம்பிக்கை இருந்தாலும், முதல் நல்ல டேக்குக்குப் பிறகு இந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் ஹவுசிங்கை உடனே திறக்காதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, மூடியின் இடுக்கில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த கையோடு, திறக்கும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்துத் திறங்கள். விளிம்பில் மிச்சமிருக்கும் துளி அப்போது கேமரா மீது விழாமல் தரையில் விழும்.